அவன் வெட்டிய மரங்கள்

அடையாறு பக்கம் வேலை இருந்தால் நான் நேர் வழியில் போவதில்லை. நாலு தெரு சுற்றி, அவன் வெட்டிய மரங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் போவேன். குட்டி யானை வண்டியை ஓரம் கட்டி, கண்ணாடியை இறக்கி, கொம்பு கொம்பாகப் பார்ப்பேன். எங்கேயாவது பட்டை கிழிந்திருக்கிறதா, கொம்பைப் பாதியில் வெட்டி முளைக்குச்சி மாதிரி நீட்டிக்கொண்டிருக்க விட்டிருக்கிறானா, ஒரு பக்கம் மொட்டையடித்து மறுபக்கத்தைக் கனக்க விட்டிருக்கிறானா என்று தேடுவேன். மூன்று வருடமாகத் தேடுகிறேன். ஒன்றும் அகப்படவில்லை. வெட்டு விழுந்த இடம் தட்டு மாதிரி வட்டமாக, வழவழவென்று இருக்கும். சுற்றிலும் புதுப் பட்டை மூட ஆரம்பித்திருக்கும். பார்த்துவிட்டு வண்டியைக் கிளப்பும்போது எனக்கு வயிறு எரியும்.

இதைப் பொறாமை என்று சொல்ல இப்போது வெட்கமில்லை. முதலில் கௌரவமாக வேறு பெயர் வைத்துப் பார்த்தேன். தொழில் மேல் இருக்கிற அக்கறை என்று மனைவியிடம் ஒருமுறை சொன்னேன். அவள் ரசத்தை ஊற்றிக்கொண்டே, "அக்கறை இருக்கிறவன் சாப்புட்ற நேரத்துல அவன் வீடியோவ பாத்துகினு வெறும் சோத்த பெசஞ்சிகினு குந்தியிருக்க மாட்டான்" என்றாள். அப்போதும் போன் என் இடது கையில்தான் இருந்தது.

அவன் வேறு யாருமில்லை. பதினோரு வருடம் என்னோடு ஒரே மரத்தில் வேலை செய்தவன். கோட்டூர்புரத்தில் ஹவுசிங் போர்டில் அடுத்தடுத்த பிளாக்கில் இருந்தோம். அவனுக்கும் எனக்கும் ஒரே வயது, ஒரே உயரம். ஒருவன் செருப்பை மற்றவன் போட்டுக்கொண்டு போனால் சாயங்காலம்தான் தெரியும். ஒரு நாள் அவன் மரத்தில் ஏறினால் நான் கீழே கயிறு பிடிப்பேன். மறுநாள் நான் ஏறுவேன். பிறகு நான் மேற்கு மாம்பலத்துக்குக் குடி வந்தேன். அப்போதும் காலை ஏழு மணிக்கு ஏதாவது ஒரு மரத்தடியில் நாங்கள் இருவரும் இருந்தோம்.

தேனாம்பேட்டையில் ஒரு டீக்கடை வாசலில் வைத்துத்தான் அவன் அந்தப் பேச்சை எடுத்தான். லாரியில் பொருத்திய லிஃப்ட் ஒன்று விலைக்கு வருகிறது, தொட்டி மாதிரி இருக்கும், அதில் நின்றுகொண்டு மூன்று மாடி உயரம் போய் வெட்டலாம், ஆளுக்குப் பாதி போட்டு வாங்கலாம் என்றான். நான் டீ சிந்தும் அளவுக்குச் சிரித்தேன். "மரத்துக்கு லிஃப்ட்ல போற ஆளு நாளைக்கு கக்கூஸுக்கும் லிஃப்ட் கேப்ப" என்றேன். அவனும் சிரித்தான். இரண்டு மாதம் கழித்து அவனே வாங்கிவிட்டான். வண்டிக்குப் பூஜை போடக் கூப்பிட்டான். எனக்கு வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டு வீட்டில் படுத்திருந்தேன்.

இப்போது அந்த வண்டி மஞ்சள் நிறத்தில் இந்த நகரம் முழுவதும் திரிகிறது. பக்கவாட்டில் பச்சை எழுத்தில் 'மர மருத்துவர்' என்று எழுதியிருக்கிறான். அவன் ஆட்கள் தலையில் மஞ்சள் தொப்பி, சட்டையில் ஒரு இலைப் படம். அவன் பெண் கல்லூரியில் படிக்கிறாள்; அவள்தான் வீடியோ எடுத்துப் போடுகிறாள். பாட்டெல்லாம் சேர்த்து, கொம்பு மெதுவாக விழுவது போல. ஆயிரக்கணக்கில் பேர் பார்க்கிறார்கள். அந்த ஆயிரத்தில் நான் பத்துப் பதினைந்து ஆளுக்குச் சமம். நான் மரம் வெட்டுகிறவன், அவன் மர மருத்துவர். இரண்டு பேர் கையிலும் இருப்பது ஒரே ரம்பம்தான்.

அவனுக்கு எதுவெல்லாம் சுலபம் என்று நினைத்துப் பார்ப்பதுதான் எனக்குப் பெரிய துன்பம். மரம் வெட்டுவதில் மரம் ஏறுவது கடைசி வேலை. முதல் வேலை கார்க்காரரைத் தேடுவது. மாம்பலத்தில் எந்தத் தெருவில் எந்த மரத்தடியில் போய் நின்றாலும் அடியில் ஒரு கார் நிற்கும். அதன் எண்ணைக் கையில் எழுதிக்கொண்டு வீடு வீடாக மணி அடிக்க வேண்டும். எங்களுடையது இல்லை என்பார்கள். எதிர் வீட்டைக் காட்டுவார்கள். எதிர் வீட்டுக்காரர் நம்மையே திருட வந்தவன் மாதிரி பார்ப்பார். கடைசியில் கார் மூன்றாவது வீட்டு மாடியில் இருக்கிறவருடையது, அவர் சாவியோடு திருப்பதி போயிருக்கிறார் என்று தெரியும்போது மணி பதினொன்று. ஆட்கள் மூன்று பேரும் அதற்குள் இரண்டு டீ குடித்திருப்பார்கள்.

அடையாறில் அவனுக்கு இதெல்லாம் கிடையாது. அங்கே காவலாளி போன் போட்டுச் சொல்வான், கார்க்காரர் பல்லைக் காட்டிக்கொண்டு இறங்கி வந்து எடுப்பார், போகும்போது லிஃப்டைப் படம் வேறு எடுத்துக்கொள்வார். இதை நான் என் கண்ணால் பார்த்தேன். எதிர்ச்சாரியில் வண்டியை நிறுத்திவிட்டு முழுதாக ஒரு மணி நேரம் பார்த்தேன்.

கார் போனால் வீட்டுக்காரர்கள். கீழ் வீட்டுக்கு வெளிச்சம் வேண்டும், மாடி வீட்டுக்கு நிழல் வேண்டும். இருவரும் ஒரே மரத்தடியில் நின்று என்னைப் பார்த்துத்தான் சண்டை போடுவார்கள், ஒருவரை ஒருவர் பார்க்க மாட்டார்கள். மயிலாப்பூரில் ஒரு மாமி, நான் ஏணியைச் சாத்திய பிறகு, "வெள்ளிக்கிழமையும் அதுவுமா பச்ச மரத்துல கத்தி வெக்கப்படாது, நாளைக்கி வந்துடுங்கோ" என்றார். வெள்ளிக்கிழமை வரச் சொன்னவரும் அதே மாமிதான். இன்னொரு நாள் காலை நடைக்கு வந்த நாலு பேர் சுற்றி நின்று போனைத் தூக்கிப் படம் எடுத்தார்கள். மாநகராட்சி அனுமதிக் காகிதத்தைக் காட்டினேன். அதையும் படம் எடுத்துக்கொண்டு, இது உண்மையா என்று விசாரிப்போம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அவன் வெட்டினால் அதே ஜனம் நின்று கை தட்டுகிறது. தொப்பியின் மகிமை.

நான் சும்மா இருக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். லிஃப்ட் வண்டியின் சக்கரம் ஏறினால் வேர் நசுங்கிவிடும், இரண்டு வருடத்தில் மரம் சாயும் என்று மாம்பலத்திலும் தி.நகரிலும் எத்தனை வீட்டில் சொல்லியிருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை. சிமெண்ட் ரோட்டில் நிற்கிற வண்டிக்கு எந்த வேர் நசுங்கும் என்று யாரும் திருப்பிக் கேட்கவில்லை. ஒரு ஐப்பசியில் புயல் எச்சரிக்கை வந்த அன்று, அவன் வெட்டிய மரம் ஒன்றாவது விழட்டும் என்று படுக்கையில் கிடந்து நினைத்தேன். மறுநாள் எங்கள் பக்கத்தில் விழுந்தது ஒரே மரம். அது நான் வெட்டியது.

இவ்வளவுக்கும் எனக்கென்று சில வீடுகள் இருந்தன. அதில் முதல் வீடு சாந்தோமில் ஓய்வுபெற்ற ஒரு டீச்சரம்மாவுடையது. கணவர் காலமாகிவிட்டார், மகள் வெளிநாட்டில். வீட்டின் பின்கட்டில் ஒரு பெரிய மாமரம். நாங்கள் இருவரும் சேர்ந்திருந்த நாளிலிருந்து வருடம் தவறாமல் மழைக்கு முன் கவாத்து செய்த மரம். பிரிந்த பிறகும் டீச்சரம்மா என்னைத்தான் கூப்பிட்டார். அவனைப் பற்றி வேறு யார் என்ன சொன்னாலும், அந்த மரம் என்னிடம் இருக்கிறது என்பது ஒன்றுதான் எனக்குத் தைரியம். எந்தக் கொம்பு உளுத்தது, எந்தக் கவையில் கால் வைக்கலாம் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். அதை என் மரம் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

போன புரட்டாசியில் வழக்கம்போல நானே போன் செய்தேன்.

"இந்த வருஷம் வேற ஆளுக்குச் சொல்லிட்டேன் தம்பி" என்றார் டீச்சரம்மா. "பொண்ணு ஏதோ வீடியோவுல பாத்திருக்கா. அவங்களையே கூப்பிடும்மான்னு ஒரே பிடிவாதம். முன்னாடி உங்ககூட வருவாரே, அவர்தான். நீங்க தப்பா எடுத்துக்காதீங்க."

"அதுக்கென்ன டீச்சர், ரெண்டு பேரும் ஒண்ணுதான்" என்றேன். போனை வைத்துவிட்டு, ஊரில் இத்தனை மரம் இருக்க, என் ஒரு மரம்தானா கண்ணை உறுத்தியது என்று அவனை வாயில் வந்தபடி திட்டினேன். கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது என்பார்கள். நான் மூன்று வருடம் கண் வைத்தும் அவனுக்கு ஒரு கீறல் இல்லை. எனக்குத்தான் அடி விழுந்தது.

நாலாம் நாள் அவனே போன் செய்தான். மூன்று வருடம் கழித்து வருகிற குரல் மாதிரி இல்லை. நேற்று சாயங்காலம் பிரிந்தவன் மாதிரி பேசினான்.

"இன்னா நைனா, எப்டி கீற?"

"கீறேன்."

"சாந்தோம் டீச்சர் வூட்டு மாமரம் ஞாபகம் கீதுல்ல? வண்டி உள்ள போவாது. பக்கத்து சந்துல ஸ்கூட்டர் போறதே கஸ்டம். ஏறித்தான் வெட்டணும். என் ஆளுங்கோ லிஃப்ட்ல நிப்பானுங்கோ, மரத்துல நிக்கமாட்டானுங்கோ. நான் ஏறுறேன். நீ வந்து கயிறு புடி."

"ஏன், உன் ஆளுங்கோ புடிக்க மாட்டாங்களா?"

"வீடியோ புடிப்பானுங்கோ" என்றான். "கயிறுன்னா நீதான் புடிக்கணும். வர்றியா இல்லியா?"

வருகிறேன் என்றேன். நட்புக்காகப் போனேன் என்று சொன்னால் அது பொய். அவனால் முடியாத ஒரு இடம் இந்த ஊரில் இருக்கிறது, அதுவும் என் மரத்தடியில் இருக்கிறது என்பதைப் பார்க்கப் போனேன். மருத்துவர் மூச்சு வாங்க மரமேறுவதைக் கீழே நின்று பார்க்க வேண்டும். அன்று காலை சலவைச் சட்டை போட்டுக்கொண்டேன். மனைவி மேலும் கீழும் பார்த்தாள்.

மஞ்சள் வண்டி சந்து முனையிலேயே நின்றுவிட்டிருந்தது. அதைத் தாண்டி நடக்கும்போது எனக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. பின்கட்டில் அவன் நின்றிருந்தான். தொப்பை போட்டிருந்தது, முன்பக்கம் முடி கொட்டியிருந்தது. டீச்சரம்மா போனில் மகளை வீடியோவில் வைத்துக்கொண்டு படிக்கட்டில் நின்றார். என்னைப் பார்த்ததும் அவருக்குச் சங்கடமாகிவிட்டது. "ரெண்டு பேரும் வந்துட்டீங்களா, நல்லது" என்று மட்டும் சொன்னார்.

அவன் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு, இடுப்பில் கயிற்றைக் கட்டினான். நாங்கள் அந்தக் காலத்தில் கட்டின அதே முடிச்சு. கயிறு இடுப்பிலிருந்து மேலே போய், ஒரு கவையில் விழுந்து இறங்கி, அடிமரத்தை இரண்டு சுற்று சுற்றிக் கீழே நிற்பவன் கைக்கு வரும். மேலே இருப்பவன் கால் தவறினால் கீழே இருப்பவன் கைதான் அவனுக்குத் தரை.

அதனால் எங்கள் ஆட்களுக்குள் ஒரு முறை உண்டு. ஏறுகிறவன் ஒரு காலை மரத்தில் வைத்தபடி, கயிறு பிடிக்கிறவனைப் பார்த்து, "மன்சுல எதுனா கீதா?" என்று கேட்பான். பிடிக்கிறவன் உண்மையைச் சொல்ல வேண்டும். இல்லை என்றால் ஏறலாம். இருக்கிறது என்றால், என்ன என்று யாரும் கேட்கக் கூடாது. அன்றைக்கு அவன் கயிற்றைத் தொடக் கூடாது. அவ்வளவுதான். மனத்தாங்கல் உள்ளவன் ஏறலாம், பிடிக்கக் கூடாது. ஏறுகிறவன் விழுந்தால் அவன் மட்டும்தானே விழுவான். பதினோரு வருடம் நாங்கள் தினமும் கேட்டுக்கொண்டோம், தினமும் ஒன்றும் இல்லை என்றே சொன்னோம். பல் தேய்ப்பது மாதிரி ஆகிவிட்டது.

அவன் இடது காலை மரத்தில் வைத்தான். "மன்சுல எதுனா கீதா?" என்றான். கேட்டுவிட்டு, பதிலுக்குக்கூட நிற்காமல் மரத்தைப் பார்த்துத் திரும்பிவிட்டான். வலது கால் தரையை விட்டு எழும்ப ஆரம்பித்துவிட்டது.

ஒன்றும் இல்லை என்பது என் நாக்கு நுனியில்தான் இருந்தது. சொல்லியிருந்தால் யாருக்கும் எதுவும் தெரியாது. அவனுக்கு ஒரு கெடுதலும் செய்திருக்க மாட்டேன் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். ஆனால் கையில் இருந்த கயிற்றைப் பார்த்தேன். அவன் வழுக்கினால் நான் இழுத்துப் பிடிப்பேன், ஆனால் உடனே பிடிப்பேனா? பிடிப்பதற்கு முன் ஒரு கணம், ஒரே ஒரு கணம், மேலே அண்ணாந்து பார்த்து எனக்குச் சந்தோஷமாக இருக்குமோ? அந்த ஒரு கணத்துக்கு என்னால் உத்தரவாதம் சொல்ல முடியவில்லை.

"கீது" என்றேன்.

அவன் கால் நின்றது. மெதுவாகத் தரையில் இறங்கித் திரும்பினான். முறை தெரிந்தவன், என்ன என்று கேட்கவில்லை. முகத்தில் கோபம்கூட இல்லை. இடுப்பிலிருந்து முடிச்சை அவிழ்த்து என்னிடம் நீட்டினான்.

"அப்போ நீ ஏறு. நான் புடிக்கிறேன்."

சட்டையைக் கழற்றிப் படியில் வைத்தேன். கயிற்றைக் கட்டிக்கொண்டு மரத்தில் கால் வைத்தேன். இப்போது கேட்க வேண்டியது நான்.

எனக்கு அப்போது ஒரு ஆசை வந்தது. அவனும் இருக்கிறது என்று சொல்ல வேண்டும். எப்படி இல்லாமல் போகும்? லிஃப்டைச் சொல்லிச் சிரித்தேன். பூஜைக்குப் போகவில்லை. வேர் நசுங்கும் என்று நான் சொன்ன கதை அவன் காதுக்குப் போகாமலா இருந்திருக்கும்? அவனும் எனக்காக ஒரு இரவாவது தூங்காமல் இருந்திருக்க வேண்டும். அப்படி இருந்தால் கயிறு பிடிக்க ஆளில்லாமல் அன்றைய வேலையே நின்றுபோகும், போகட்டும். இரண்டு பேரும் அந்த மரத்தடியிலேயே உட்கார்ந்து ஒருவரை ஒருவர் நன்றாகத் திட்டித் தீர்த்திருப்போம்.

"மன்சுல எதுனா கீதா?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே ஒரு மாதிரி இருந்தது.

"ஒண்ணும் இல்ல நைனா, ஏறு" என்றான்.

யோசிக்கவே இல்லை. நான் அவன் கண்ணையே பார்த்தேன். எவ்வளவு நேரம் பார்த்தும் அதில் பொய் இல்லை. அவன் மேலே கவையில் கயிறு சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தான்.

ஏறினேன். மனத்தாங்கல் உள்ளவன் பிடிக்கிற கயிறு தெரியும். தளர்த்த வேண்டிய இடத்தில் யோசிக்கும், இழுக்க வேண்டிய இடத்தில் வெடுக்கென்று இழுக்கும். இது அப்படி இல்லை. நான் காலைத் தூக்கும் முன்பே தளர்ந்தது, கை பற்றிய உடனே இறுகியது. கீழே நின்றிருப்பவன் வேறு எதையும் நினைக்காமல் என்னை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கிறான். இதைவிட நல்ல கயிறு எனக்கு வாழ்நாளில் அமைந்ததில்லை. பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டி மேல் சாய்ந்திருந்த கொம்பு வரைக்கும் போய்விட்டேன். முதலில் அடியில் ஒரு வெட்டு, பிறகு மேலிருந்து ஒரு வெட்டு. பட்டை கிழியாமல் கொம்பு இறங்கியது.

கீழே டீச்சரம்மாவின் போனிலிருந்து மகள் குரல் கேட்டது. "அம்மா, அவர்கிட்ட சொல்லு, அவங்க ஆளு சூப்பரா ஏறுறாரு."

டீச்சரம்மா அதைத் திருத்துவார் என்று காத்திருந்தேன். அவர் திருத்தவில்லை. அவன் சிரித்துக்கொண்டே, "அவுரு என்னவிட நல்லா ஏறுவாரும்மா" என்றான். அதையும் மனதாரத்தான் சொன்னான்.

நான் கவையில் உட்கார்ந்துவிட்டேன். மூன்று வருடத்தில் அவனை நினைக்காத ஒரு நாள் எனக்கு இல்லை. காலையில் எழுந்ததும் அவன், சாப்பிடும்போது அவன், மழை வந்தால் அவன். அவனுக்கு என்னைப் பற்றி ஒன்றுமே இல்லை. கோபம் இல்லை, வருத்தம் இல்லை, ஒரு சின்னக் கசப்புகூட இல்லை. கயிறு பிடிக்க ஆள் வேண்டும் என்றபோதுதான் நான் ஞாபகத்துக்கு வந்திருக்கிறேன். இத்தனை நாளும் நான் ஒருவனே இரண்டு பக்கமும் நின்று சண்டை போட்டிருக்கிறேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. துடைக்கக் கையை எடுத்தேன்.

கையை எடுத்த அந்த நொடியே கயிறு இறுகி என்னை மரத்தோடு சேர்த்துப் பிடித்தது.

"இன்னா நைனா," கீழிருந்து கத்தினான், "எறும்பு கடிச்சிச்சா?"

"ஆமா" என்றேன்.